நடப்பதற்கு ஓர் உரிமை

மலையொன்றின்மீது காலாற நடந்ததன் பயனாக மனிதர் சிறை சென்ற வரலாறும் உண்டு என்றால் வாசகருட் பலர் வியப்பர். அது நிகழ்ந்தது பாராளுமன்றங்களின் தாயகமெனப் பேசப்படும் இங்கிலாந்திலேயே என்றால் அவ்வியப்பு இரட்டிப்பாகும். மாஞ்செஸ்ரர், ஷெபீல்ட் ஆகிய நகரங்களிற் கல்வி பயிலும் நம் மாணவர், விடுமுறை நாளொன்றிலே சென்று மீளத்தக்க இடம் அது. ஆதலின் இவ்வாரம் நாமும் அம்மலைக்கு ஒருநாட் பயணம் போய்வருவோம். நடை முடிந்தபின் அங்கேயே பசியும் ஆறுவோம்.

இவ்விரு நகரங்களுக்கும் இடைப்பட்ட மலைநாட்டுக்குப் பீக் டிஸ்ட்ரிக்ட் என்று பெயர். மாஞ்செஸ்ரரிற் புகையிரதம் ஏறினால் முக்கால் மணி அளவில் ஈடேல் என்னும் சிற்றூரில் இறங்கலாம். ஷெபீல்டிலிருந்து வருவோர்க்கு அதனினுங் குறைந்த நேரமே வேண்டும். ஊருக்கு வடக்கே அரண்போல எழுந்து நிற்பது கின்டர் ஸ்கவுட். அதன் உயரம் 636 மீற்றர்தான். கூரிய சிகரம் எதுவும் அதற்கில்லை. உச்சி முழுவதும் பரந்த மேட்டுநிலமே. எனினும் மழையும் மூடுபனியும் அங்கே சொல்லாமல் வரும். நல்ல சப்பாத்து, மழைச்சட்டை, நிலப்படம், திசையறிகருவி இவை நான்குமின்றி ஏறுதல் தகாது.

ஊரை விட்டு மேற்கே நடந்தால், சாந்தின்றி அடுக்கிய கற்சுவர்களும் செம்மறிகள் மேயும் புல்வெளிகளும் வழிநெடுக வரும். பள்ளத்தாக்கின் தலைப்பில் ஓடையைக் கடந்ததும், ‘ஜேக்கப்பின் ஏணி’ எனப்படும் செங்குத்தான படிவழி தொடங்குகிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஜேக்கப் மார்ஷல் என்ற குடியானவர், பொதிக்குதிரைகள் வளைந்து வளைந்து ஏற, தாம் நேரே ஏறுவதற்கு வெட்டிய படிகள் இவை என்பர். மேலே சென்றால் ‘கம்பளிப் பொதிகள்’ என்று பெயர் பெற்ற பெரும் பாறைகளைக் காணலாம். காற்றும் மழையும் அவற்றை உருட்டித் திரட்டி வைத்திருக்கின்றன. காலடியில் இருப்பதோ, பாசியும் புல்லும் பல்லாயிரம் ஆண்டுகளாக உக்கிப் படிந்த கரிய ஈரமண். மாஞ்செஸ்ரர் ஆலைகளின் புகை ஒரு காலத்தில் இங்குள்ள பாசியை அழித்து மண்ணை வெறுமையாக்கியது. 2003ஆம் ஆண்டு முதல் அப்பாசியை மீண்டும் நட்டு வளர்த்து வருகின்றனர்.

அந்தப் புகையையே நாள்தோறும் சுவாசித்த ஆலைத் தொழிலாளர், ஞாயிற்றுக்கிழமையில் நற்காற்றைத் தேடியதில் வியப்பில்லை. ஆனால் மலை அவர்களுக்கு அடைபட்டிருந்தது. முன்னாளில் ஊர்ப்பொதுவாயிருந்த மேய்ச்சல் நிலங்கள் பல, பதினெட்டாம் பத்தொன்பதாம் நூற்றாண்டுகளிற் சட்டத்தின் துணையோடு தனியார் உடைமையாயின. கிரௌஸ் என்னும் பறவையைச் சுட்டு விளையாடுவதற்காகச் செல்வர் இம்மேட்டுநிலங்களைக் காவலிட்டு வைத்தனர். வேட்டை நடப்பது ஆண்டிற் சில நாட்களே. தடையோ ஆண்டு முழுவதற்கும்!

1932ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆந் திகதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை. மலையின் மேற்குப் புறத்திலுள்ள ஹேபீல்ட் ஊரிலே ஏறத்தாழ 400 பேர் கூடினர். அவர்களுக்குத் தலைமை வகித்த பென்னி ரொத்மன் என்பாருக்கு வயது இருபதுதான். தடையை மீறி அவர்கள் மலையேறினர். இடையிலே காவலாட்களுடன் கைகலப்பு நேர்ந்தது. இறங்கி வந்தபோது பொலிசார் காத்திருந்தனர். பிறர் நிலத்தில் நடப்பது மட்டும் அந்நாட்டுச் சட்டப்படி குற்றச்செயலாகாது. ஆகவே கலகக் கூட்டம் கூடியமை முதலான குற்றங்கள் சாட்டப்பட்டன. ஐவருக்கு இரண்டு முதல் ஆறு மாதம் வரை சிறைத்தண்டனை கிடைத்தது.

இங்கே ஒன்றைக் கவனித்தல் வேண்டும். பொறுமையாகப் பேசி உரிமை பெற முயன்றுவந்த நடைச் சங்கத்தார், இளைஞரின் இச்செயலை முதலில் ஆதரிக்கவில்லை. தண்டனையின் கடுமையே பலருடைய மனத்தை மாற்றியது. சில வாரங்களில், அண்மையிலுள்ள வின்னற்ஸ் கணவாயிலே பத்தாயிரம் பேர் திரண்டனர். பின்னர் 1949இல் தேசியப் பூங்காச் சட்டம் வந்தது. 1951இல் பீக் டிஸ்ட்ரிக்ட் பிரித்தானியாவின் முதலாவது தேசியப் பூங்காவாயிற்று. 2000ஆம் ஆண்டுச் சட்டமோ, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் குறிக்கப்பட்ட மலைகளிலும் மேட்டுநிலங்களிலும் எவரும் நடக்கலாம் என்று விதித்தது. 2002இலே, அந்நிகழ்ச்சியின் எழுபதாம் ஆண்டு விழாவில், அன்றைய நில உடைமையாளரின் பேரனாகிய டெவன்ஷயர் பிரபு பகிரங்கமாக மன்னிப்புக் கோரினார். அன்று மீறியவரின் பொறுமையின்மையும், சங்கத்தாரின் பொறுமையும் ஒருங்கு சேர்ந்தே இப்பயனை விளைத்தன என்பது நம் கருத்து.

மலையின் தென்விளிம்பு வழியே வந்து, ஓடையோரமாக இறங்கினால் மீண்டும் ஈடேல். ஐந்தாறு மணி நேர நடை ஆயிற்று. எதிரே நிற்பது ‘ஓல்ட் நாக்ஸ் ஹெட்’ என்னும் பழைய பப். ஸ்கொத்லாந்து எல்லைவரை 268 மைல் நீளும் பெனைன் நெடுவழி, 1965இல் திறக்கப்பட்ட காலந்தொட்டு, இவ்வூரிலிருந்தே தொடங்குகிறது. அந்த முழுவழியையும் நடந்து முடிப்போர்க்கு, மறுமுனையிலுள்ள விடுதியில் அரைப் பைந்து பியரைத் தம் செலவில் வழங்கிவந்தார், மலைவழி நூல்கள் பல எழுதிய வெயின்றைட் என்பார்.

பப் என்றதும் நம்மூர்த் தவறணையை எண்ணி முகஞ்சுளிக்க வேண்டியதில்லை. நாட்டுப்புற ஆங்கிலேயர்க்கு அது ஊரின் பொதுத் திண்ணை போன்றது. பாட்டியும் பேரனும், சில வேளை வீட்டு நாயுங்கூட, ஒரே மேசையைச் சூழ்ந்திருப்பர். மது அருந்தாதவர்க்குத் தேநீருண்டு. சூடான சூப்பும் உண்டு. பரிசாரகரை எதிர்பார்த்து மேசையிலேயே இருந்தால் பசிதான் மிஞ்சும். பெரும்பாலும் நாமே எழுந்து சென்று உணவைச் சொல்லிவர வேண்டும். ஞாயிற்றுக்கிழமையின் சிறப்புணவு, வாட்டிய இறைச்சியும் உருளைக்கிழங்கும் யோர்க்ஷயர் புடிங்கும். இப்புடிங் இனிப்பன்று, மாவும் முட்டையும் பாலும் கலந்து, காய்ந்த கொழுப்பில் ஊற்றிப் பொங்கவைத்த பண்டம். புலாலுண்ணாதார் ‘உழவர் உணவு’ கேட்கலாம். பாண், பாற்கட்டி, ஊறவைத்த வெங்காயம். பெயர் பழமைபோலத் தோன்றினும், அதைப் பரப்பியவர் 1950களிற் பாற்கட்டி விற்பனையைப் பெருக்க முயன்றோரே!

உள்ளே போகுமுன் சேறுபடிந்த சப்பாத்தைத் துடைத்தல் அங்கு மரியாதை. அதுபோலவே, வழியிலே திறந்த படலையை மூடிவிட்டுச் செல்லுதல் மலைநடையின் முதல் விதி. மூடாத படலையால் ஒரு குடியானவனின் ஆடுகள் சிதறினால், நடப்போர்மீது பழைய பகை மீண்டும் தலையெடுக்கும். சிலர் சிறை சென்று திறந்துவைத்த வழி அது. அதில் நடக்கும் மாணவர், படலையை மூடும் பொறுப்பையும் அவ்வுரிமையோடு சேர்த்தே பெறுகின்றனர்.