தலைமன்னார் எஞ்சினுக்கு எத்தனை மில்லிமீற்றர்?

பலெர்மோவில் வாழும் அன்பர் ஒருவர், பியாத்சா பெரான்னி பழம்பொருட் சந்தையில் வாங்கிய நீராவி எஞ்சின் மாதிரியொன்றைத் தம் பிள்ளைகளுக்காக இலங்கைப் புகையிரதமாக மாற்ற விரும்புகிறார். சில்லுகளின் இடைவெளியை அகலமாக்க இயலுமா என வினவியுள்ளார். இயலும். ஆனால் எஞ்சினைவிடத் தண்டவாளமே கூடுதல் வேலை வாங்கும்.

இத்தாலியின் பிரதான பாதைகள் 1435 மில்லிமீற்றர் அகலமுடையவை. லீமா, ரிவரோசி நிறுவனங்களின் வழக்கமான மாதிரிகளில் அது 16.5 ஆகச் சுருங்கியிருக்கும். இலங்கையின் அகலப்பாதையோ 1676. 87க்கு ஒன்று என்னும் அளவில் அது 19.3 ஆகும். பழைய ரிவரோசி மாதிரிகளிற் பல 80க்கு ஒன்று. அவற்றுக்கு 21 எனக் கொள்க. (பலெர்மோவிலும் இந்தச் சிக்கல் இருந்தது. 1886இல் கோர்லெயோனேக்குத் திறந்த பாதை 950 மில்லிமீற்றரே. பிரதான பாதையின் வண்டி அதில் ஓட இயலாது.)

ஆக, ஒவ்வொரு சில்லும் 1.4 மில்லிமீற்றர் வெளியே வரவேண்டும். கழற்றுமுன் அச்சின் இருபக்கச் சில்லுகளையும் கவனியுங்கள். ஒரு பக்கத் தண்டு உச்சியில் நிற்கையில் மறுபக்கத் தண்டு கால் வட்டம் விலகி நிற்கும். எஞ்சின் எவ்விடத்தில் நின்றாலும் ஒரு பக்கமாவது நீராவி தள்ள வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. மாதிரியில் உள்ளது மின்மோட்டார்தான். ஆயினும் எல்லா அச்சுகளிலும் அக்கோணம் ஒன்றாக இராவிடின் இணைப்புத் தண்டுகள் இறுகிவிடும்.

நீண்ட அச்சை இடும்போது, சில்லை அச்சிலிருந்து பிரிக்கும் பிளாஸ்டிக் வளையத்தை மறவாதீர். தண்டவாளங்கள் இரண்டும் மின்சாரத்தின் இரு முனைகள் அல்லவா! மின்னெடுக்கும் தகடுகளையும் சில்லைத் தொடுமாறு வளைக்க வேண்டும். அச்சு ஆடாதிருக்க மெல்லிய வாசர்கள் போதும். சிலிண்டர்களையும் அதே 1.4 மில்லிமீற்றர் வெளியே நகர்த்த வேண்டும். இடையில் பிளாஸ்டிக் தகடு ஒட்டுவது எளிது.

சாதாரண கடைகளில் 16.5, 12, 9 மில்லிமீற்றர்த் தண்டவாளங்களே கிடைக்கும். 19.3 வேண்டுமெனில் கம்பிகளை உருவியெடுத்து நீங்களே பதிக்க வேண்டும். பாதை பிரியுமிடம் மிகக் கடினம். அதனைத் தொடவே வேண்டாம் என்பேன். நேர்ப்பாதை போதும். அதற்குத் தலைமன்னார் இறங்குதுறையைவிடப் பொருத்தமான இடமில்லை.

1914இல் பாம்பன் பாலமும் தலைமன்னார்ப் பாதையும் திறந்தபின், சென்னையிலிருந்து வந்தோர் தனுஷ்கோடியில் மீற்றர்ப் பாதை வண்டியை விட்டிறங்கிக் கப்பலேறினர். இக்கரையில் அகலப்பாதை வண்டியில் ஏறினர். பாட்டிமார் ‘போட் மெயில்’ என்பது இதனையே. இடையில் கடலில்லாவிடினும் ஒரே எஞ்சின் இரு பாதையிலும் ஓடியிராது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. போரில் அழிந்த தலைமன்னார்ப் பாதை 2015இல் மீண்டது. பாம்பன் பாலமும் 2007இல் 1676 ஆக மாற்றப்பட்டதால் இன்று இரு கரையிலும் ஒரே அகலம், கப்பல்தான் இல்லை.

ஆகவே எந்த ஆண்டைக் காட்டுவதென முதலில் தீர்மானியுங்கள். 1964க்கு முன்பாயின், ஒரு பலகையில் 19.3, மறு பலகையில் கடையில் வாங்கிய 12, நடுவே அட்டைக் கப்பல். ஐஸ்கிரீம் குச்சிகளை 31 மில்லிமீற்றர் நீளத்தில், 3 மில்லிமீற்றர் அகலத்தில் வெட்டிக் கொடுத்தால், சிலீப்பர் கட்டைகளாக ஒட்டும் வேலையைப் பிள்ளைகளே செய்துவிடுவர்.