தட்டிப் பார்த்த பானை

மண்பானை வாங்கச் சந்தைக்குப் போகும் பெண்மணி எவளும் அதன் நிறத்தையும் வடிவத்தையும் கண்ணால் பார்த்ததோடு திருப்தி அடைந்துவிடுவதில்லை. பானையை இடக் கையில் ஏந்தி, வலக் கை விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டி, காதைச் சற்றே சாய்த்துக் கேட்டு, 'கணீர்' என்று நாதம் எழுந்தால் மடியை அவிழ்த்துக் காசை எடுப்பாள்; 'பொத்'தென்று கேட்டாலோ, குயவர் என்ன சமாதானம் சொன்னாலும் கேளாமல் அடுத்த பானைக்குக் கை நீட்டுவாள். கண்ணுக்குத் தெரியாத கீறல் காதுக்குத் தெரியும் என்பது அவள் தன் தாயிடம் கற்ற சாஸ்திரம்.

2025 ஜனவரி 14 அன்று, நம் வீடுகளில் பொங்கல் பானை பொங்கி இறங்கிச் சாப்பாடும் முடிந்திருந்த பிற்பகல் வேளையில், அமெரிக்காவிலுள்ள 'லைகோ' நிலையங்கள் இரண்டும் ஏறக்குறைய இதே காரியத்தைத்தான் செய்தன. அங்கே பானையாக இருந்தது ஒரு கருந்துளை. சூரியனைப் போல் முப்பது மடங்குக்குச் சற்று அதிகமான நிறை கொண்ட இரு கருந்துளைகள், 130 கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால் ஒன்றையொன்று சுற்றி, நெருங்கி, மோதிக் கலந்து ஒன்றாயின. அப்படிப் பிறந்த புதிய கருந்துளை, தட்டிய பாத்திரம் அதிர்ந்து அடங்குவது போல ஒரு கணம் அதிர்ந்து அடங்கிற்று. அந்த அதிர்வைச் சுமந்து வந்த ஈர்ப்பு அலைகள் பூமியைக் கடந்து சென்றபோது கருவிகள் அதைக் கேட்டன.

கருந்துளைக்கும் நாதம் உண்டு என்பதை முதன்முதலாகக் கணக்கிட்டுச் சொன்னவர் பெங்களூரில் பிறந்த சி. வி. விஸ்வேஷ்வரா. 1970-ஆம் ஆண்டு, 'கருந்துளை' என்ற பெயரே விஞ்ஞானிகளின் நாவில் சரியாகப் பழகாதிருந்த காலத்தில், தன்னை நெருங்கிய ஒளியையும் விழுங்கிவிடும் ஒரு பொருளை நாம் எப்படித்தான் அறிவது என்று கேட்டுக்கொண்ட அவர், அதன்மேல் அலைகளை எறிந்தால் அவை எவ்வாறு சிதறித் திரும்பும் என்று கணித்துப் பார்த்தார். திரும்பி வந்த அலையின் வாலில், குறிப்பிட்ட ஒரு சுருதியில் ஒலித்துத் தேய்ந்து மறையும் நாதம் ஒன்று இருந்தது. பிற்காலத்தில் பெங்களூர் நேரு கோளரங்கத்தின் முதல் இயக்குநராக இருந்து எத்தனையோ குழந்தைகளுக்கு வானத்தைக் காட்டிய அந்த மனிதர், 2015-இல் கிடைத்த முதல் ஈர்ப்பு அலையின் செய்தியைக் கேட்கும்வரை இருந்தார். 2017 ஜனவரி 16-இல் காலமானார். அவருடைய நாதம் இவ்வளவு தெளிவாகக் கேட்டதோ அதற்கு எட்டு ஆண்டுகள் கழித்து.

ஐன்ஸ்டைனின் சித்தாந்தப்படி, அமைதியுற்ற கருந்துளைக்கு நிறை, சுழற்சி என்ற இரண்டைத் தவிர வேறு அடையாளம் கிடையாது. ஆகவே அதன் நாதத்தில் இரண்டு சுருதிகளைப் பிரித்துக் கேட்க முடிந்தால், முதல் சுருதி எந்த நிறையையும் சுழற்சியையும் சொல்லுகிறதோ அவற்றையே இரண்டாவதும் சொல்ல வேண்டும். வேறாகச் சொன்னால் பானையில் கீறல். அதாவது, நூறாண்டுகளாக நாம் நம்பிவரும் ஆகர்ஷண சித்தாந்தத்தில் கீறல். பொங்கலன்று வந்த அலை, முதல் அலையைப் போல் மூன்று மடங்கு தெளிவாக இருந்தபடியால் இரண்டு சுருதிகளையும் பிரித்தறிய முடிந்தது, இரண்டும் ஒத்துப்போயின. ஸ்டீபன் ஹாக்கிங் 1971-இல், கருந்துளைகளின் மேற்பரப்பு மொத்தத்தில் ஒருநாளும் குறையாது என்று ஒரு தேற்றம் சொன்னார். அதுவும் சோதிக்கப்பட்டது: மோதலுக்கு முன் இரண்டிற்கும் சேர்த்து ஏறத்தாழ 2,40,000 சதுர கிலோமீட்டர், மோதலுக்குப் பின் ஏறத்தாழ 4,00,000, அதாவது நம் தமிழ்நாட்டைப் போல மூன்று மடங்கு. கீறல் இல்லை என்று தெரிந்ததில் பௌதிக வல்லுநர்களுக்கு ஓரளவு ஏமாற்றமும் இருந்திருக்கும் என்றே நான் நினைக்கிறேன். புதிய விதிகள் பிறப்பது கீறலின் வழியாகத்தானே.

நமது தார்க்கிகர்கள் புகையைக் கண்டு நெருப்பை அறிவதை அனுமானம் என்றும், நெருப்பையே காண்பதைப் பிரத்யட்சம் என்றும் பிரித்தார்கள். ஈர்ப்பு அலை விஷயத்தில் அனுமானம் முதலில் வந்தது. 1974-இல் ஹல்ஸ், டெய்லர் என்ற இருவர் கண்டுபிடித்த நட்சத்திர ஜோடி ஒன்று, அலைகளின் வழியே சக்தி வெளியேறினால் எவ்வளவு நெருங்க வேண்டுமோ அவ்வளவே ஆண்டுக்காண்டு நெருங்கி வந்தது. அதுவே புகை. நெருப்பைக் கண்டது 2015 செப்டம்பர் 14-ஆம் தேதி. இவற்றுக்கெல்லாம் முன்பே, இந்த அலைகளை 1916-இல் முன்னறிவித்த ஐன்ஸ்டைனே 1936-இல் 'அவை இல்லை' என்று ஒரு கட்டுரை எழுதி, அதைப் பரிசீலித்தவர் பிழை சுட்டியபோது கோபித்துக்கொண்டு கட்டுரையைத் திரும்பப் பெற்று, பிறகு பிழையை உணர்ந்து திருத்தியும் வெளியிட்டார் என்பதை, பெரியவர்கள் தவறுவதில்லை என்று நினைக்கும் நம் மாணவர்களுக்குச் சொல்லிவைப்பது நல்லது.

லைகோ கருவியின் சூக்ஷ்மத்தை எண்ணினால் மலைப்பு உண்டாகிறது. நான்கு கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டு குழாய்கள் ஒன்றுக்கொன்று செங்குத்தாக நீண்டு கிடக்க, அவற்றின் கோடியில் நாற்பது கிலோ எடையுள்ள கண்ணாடிகள் மெல்லிய கண்ணாடி இழைகளில் ஊசலாகத் தொங்குகின்றன. அலை கடக்கும்போது அந்த நான்கு கிலோமீட்டர் தூரம் மாறும் அளவு ஒரு புரோட்டானின் குறுக்களவில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. லேசர் ஒளியைக் கொண்டு அதை அளக்கிறார்கள். இவ்வளவு கூர்மையான காதுக்கு எல்லாமே சந்தடிதான்: தூரத்துக் கடலலையும் கேட்கும், சாலையில் போகும் லாரியும் கேட்கும். 2017-இல் ஹான்ஃபோர்டு நிலையத்தில் இனம் தெரியாத சத்தங்கள் பதிவாகிக்கொண்டிருக்க, தேடிப் போனவர்கள் கண்டது, திரவ நைட்ரஜன் குழாயின்மேல் படிந்த பனிக்கட்டியைத் தாகம் தீரக் கொத்திக்கொண்டிருந்த அண்டங்காக்கைகளை!

காக்கையின் கொத்தலையும் கருந்துளையின் நாதத்தையும் பிரித்தறிய இவர்களுக்குள்ள முதல் உபாயம் இரண்டாவது சாட்சி. ஹான்ஃபோர்டிலிருந்து மூவாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் லிவிங்ஸ்டனில் மற்றொரு நிலையம் இருக்கிறது. ஹான்ஃபோர்டில் கொத்தும் காக்கை அதே நொடியில் லிவிங்ஸ்டனிலும் கொத்த முடியாது. இரண்டிலும் ஒரே அலை, ஒளி அத்தூரத்தைக் கடக்கும் நேரத்துக்குள் பதிவானால்தான் கணக்கில் சேரும். மூன்றாவது சாட்சியும் கிடைத்தால் என்ன ஆகும் என்பதை 2017 ஆகஸ்டு 17 காட்டிற்று. அன்று இரண்டு நியூட்ரான் நட்சத்திரங்கள் மோதிய அலை அமெரிக்க நிலையங்கள் இரண்டிலும் உரக்கக் கேட்க, இத்தாலியிலுள்ள 'விர்கோ'வில் கேட்டும் கேளாதது போல் இருந்தது. அந்த மௌனமே துப்பாயிற்று. விர்கோவின் செவி எட்டாத திசை வானத்தில் மிகச் சில. அவற்றில் ஒன்றிலிருந்துதான் அலை வந்திருக்க வேண்டும். தொலைநோக்கிகள் அப்பக்கம் திரும்பி, பதினோரு மணி நேரத்துக்குள், 13 கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ள ஒரு நட்சத்திர மண்டலத்தில் புதிய வெளிச்சத்தைக் கண்டுவிட்டன.

அந்த ஒரு நாளின் விளைச்சலைப் பாருங்கள். ஈர்ப்பு அலை வந்து 1.7 விநாடி கழித்துக் காமாக் கதிர் வந்தது. பதின்மூன்று கோடி ஆண்டுகள் பயணம் செய்து இரண்டு விநாடி வித்தியாசம்கூட இல்லை என்றால், இரண்டின் வேகமும் ஒன்றே என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை. பிரபஞ்சத்தின் விரிவு துரிதப்படுவதை ஈர்ப்பு விதியை மாற்றியமைத்து விளக்க முயன்ற சித்தாந்தங்களுள் பல, இரண்டுக்கும் வெவ்வேறு வேகம் என்று கொண்டவையாதலால், அன்றோடு தள்ளுபடியாயின. மேலும், அலையின் வலிமையே அதன் தூரத்தைச் சொல்லிவிடுவதால், பிரபஞ்சம் விரியும் வேகத்தை யாருடைய அளவுகோலையும் இரவல் வாங்காமல் கணக்கிட முடிந்தது. ஒரு மெகாபார்செக் தூரத்துக்கு விநாடிக்கு இத்தனை கிலோமீட்டர் என்ற வானியல் அலகில், ஆதி வெளிச்சத்தை ஆராய்கிறவர்கள் 67 என்கிறார்கள். நட்சத்திரங்களைக் கொண்டு அளப்பவர்கள் 73 என்கிறார்கள். அன்று கிடைத்த விடை ஏறத்தாழ 70, ஆனால் பிழையின் எல்லை இரு தரப்பையும் அணைத்துக்கொள்ளும் அளவுக்கு விசாலமானது. வழக்கு நிலுவையில் இருக்கிறது. தீர்ப்புச் சொல்ல அத்தகைய மோதல்கள் இன்னும் பல வேண்டும்; அவை எந்தத் திசையில் நிகழ்ந்தன என்று துல்லியமாகக் காட்டும் சாட்சிகளும் வேண்டும்.

இந்த இடத்தில்தான் நம் பொறுப்பு வருகிறது. மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலி மாவட்டத்தில், ஔண்டா நாகநாத் அருகே, நான்கு கிலோமீட்டர் கைகளுடைய மற்றொரு லைகோவை நிறுவ வேண்டும் என்பது திட்டம். கருவியின் முக்கிய உறுப்புகளை அமெரிக்கா தருகிறது. மற்ற நிலையங்களுக்கு வெகு தூரத்தில் இந்தியா இருப்பதே அதன் பெறுமதி. வானில் திசை காட்டும் துல்லியம் அதனால் பன்மடங்கு உயரும். 'சோற்றுக்கு வழியில்லாதவர் நாட்டில் 2,600 கோடி ரூபாயில் கருந்துளைக்குக் காது எதற்கு' என்று கேட்பவர்களை நான் இகழமாட்டேன். ஆனால் இதிலிருந்து நாளை லேசர் வரும், நல்ல கண்ணாடி வரும் என்று உபரி லாபங்களைக் காட்டி அவர்களைச் சமாதானப்படுத்துவதும் எனக்குச் சம்மதமில்லை. பிரபஞ்சத்தின் விதியை அறிவதே போதிய காரணம். அந்த நாதத்தை முதலில் கணித்தவரைப் பெற்ற நாடு, அதைக் கேட்கும்போது பிறர் வீட்டு வாசலில் நிற்பானேன்?

சாட்சிகள் நிரந்தரம் என்றும் எண்ண வேண்டாம். 2025-இல் அமெரிக்க அரசு முன்வைத்த வரவுசெலவுப் பரிந்துரை, அங்குள்ள இரண்டு நிலையங்களில் ஒன்றை நிறுத்திவிடச் சொல்லிற்று. இங்கோ, கொள்கையளவில் ஒப்புதல் கிடைத்தது 2016 பிப்ரவரியில். மத்திய அமைச்சரவை முழு ஒப்புதல் வழங்கியது 2023 ஏப்ரலில். ஒரு கோப்பு ஏழு ஆண்டுகள் நகர்ந்த அந்த வேளையில் உலகம் மூன்று நோபல் பரிசாளர்களைக் கொண்டாடி முடித்து, அலைகளை டஜன் கணக்கில் எண்ணத் தொடங்கிவிட்டது. நிலையம் எழும்பி நிற்க வேண்டிய கெடுவாக இப்போது சொல்லப்படுவது 2030. பணத்தைத் தவணை தவறாமல் விடுவித்து, கருவியைக் கையாளும் இளைஞர்களை இப்போதே பயிற்றி, அந்தக் கெடுவை மறுபடியும் தள்ளிப்போடாதிருக்கும்படி சம்பந்தப்பட்ட அமைச்சகங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.