படர்தாமரைக்கு மெடிக்கல் ஷாப்ல ட்யூப் கேட்டு வாங்காதீங்க!

1/ ஆட்டோ ஓட்டுற தம்பி ஒருத்தர் ஓ.பி.க்கு வந்தார். தொடை இடுக்குல படர்தாமரை, எட்டு மாசமா. மெடிக்கல் ஷாப்ல கேட்டு இதுவரை 14 ட்யூப் போட்டிருக்கார். இப்போ வயிறு வரைக்கும் பரவிடுச்சு. மனைவிக்கும் வந்தாச்சு. கைக்குழந்தை கன்னத்துலயும் ஒரு வட்டம்.

2/ ட்யூபை வாங்கிப் பொடி எழுத்தைப் படிச்சேன். குளோபெட்டசால், ஆஃப்லாக்சசின், ஆர்னிடசோல், டெர்பினஃபின். ஒரே ட்யூப்ல நாலு மருந்து. அவருக்குத் தேவைப்பட்டது கடைசி ஒண்ணு மட்டும்தான்.

3/ படர்தாமரை பூஞ்சைத் தொற்று. ஆஃப்லாக்சசின் ஒரு ஆன்டிபயாட்டிக். பாக்டீரியா தன் டிஎன்ஏவை நகல் எடுக்கவிடாமல் தடுக்கும். ஆர்னிடசோல் அமீபா, சிலவகை பாக்டீரியாவுக்கானது. பூஞ்சையை ரெண்டும் ஒண்ணும் செய்யாது. டெர்பினஃபின்தான் பூஞ்சையின் செல் சவ்வுக்குத் தேவையான எர்கோஸ்டெரால் உருவாகாமல் தடுக்கும்.

4/ அப்போ ரெண்டே நாள்ல அரிப்பு நின்னது எப்படி? குளோபெட்டசால்! மிக வீரியமான ஸ்டீராய்டு. தோலின் எதிர்ப்பு சக்தியை அடக்கிடும். சிவப்பும் அரிப்பும் குறையும், பூஞ்சை சத்தமில்லாமல் பரவும். நிறுத்தினா முன்னைவிட அதிகமா வரும். திரும்ப ஒரு ட்யூப். 14 ஆனது இப்படித்தான்.

5/ அவர் தொடையில தோல் மெலிஞ்சு பட்டை பட்டையா கோடுகள். படர்தாமரையைச் சரிபண்ணிடலாம். அந்தக் கோடுகள் முழுசா மறையாது.

6/ இன்னொரு ஆபத்தும் இருக்கு. டெர்பினஃபினுக்கு அடங்காத படர்தாமரைப் பூஞ்சை நம்ம நாட்டுல பரவிக்கிட்டு இருக்கு. 2020ல் அதுக்கு வச்ச பேரே டிரைக்கோஃபைட்டான் இன்டோட்டினியே. பேர்லயே இந்தியா! 2023ல் நியூயார்க்லயும் கண்டுபிடிச்சாங்க. இந்தக் கலவை க்ரீம்களை இஷ்டத்துக்குப் போடுறது இதுக்கு முக்கியக் காரணம்னு தோல் மருத்துவர்கள் கத்திக்கிட்டே இருக்காங்க.

7/ க்ரீம் கேட்கலைன்னா வாரக்கணக்கில் இட்ரகோனசோல் மாத்திரை. பாக்டீரியாவைவிட பூஞ்சை செல் நம்ம செல்லுக்கு நெருக்கமானது. அதனால அதை மட்டும் குறிவச்சுத் தாக்குறது கஷ்டம். கல்லீரல் பாதிக்கலாம். இதயச் செயலிழப்பு இருந்தா படர்தாமரைக்கு இதைத் தரக்கூடாது. சில கொலஸ்ட்ரால் மாத்திரைகளோட சேரவே கூடாது. கடைக்காரர் இதெல்லாம் கேட்டாரா?

8/ அக்கிக்கும் இதே ட்யூப் போட்டுட்டு வர்றாங்க. அக்கி வைரஸ். கொப்புளம் வந்த 72 மணி நேரத்துக்குள்ள அசைக்ளோவிர் மாதிரி ஆன்டிவைரல் மாத்திரை ஆரம்பிக்கணும். ட்யூப் தடவியே அந்த மூணு நாளும் போயிடுது.

9/ ஸ்டீராய்டு க்ரீம்களைச் சீட்டு இல்லாம விற்கக்கூடாதுன்னு 2018லயே மத்திய அரசு ஷெட்யூல் எச் பட்டியல்ல சேர்த்தாச்சு. ஆனாலும் மிட்டாய் மாதிரி விற்குது. நாலு மருந்தைக் கலந்து தயாரிக்கிற கம்பெனி, சீட்டு கேட்காத கடை, நோய் என்னன்னு பார்க்காமலே இதை எழுதித் தர்ற எங்க டாக்டர்கள் சிலர். மூணு பேருக்கும் இதுல பங்கு இருக்கு. எங்களை மட்டும் விட்டுட்டுப் பேசினா அது நியாயமில்லை.

10/ நீங்க செய்ய வேண்டியது:
✅ ட்யூப்ல குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன்னு இருந்தா படர்தாமரைக்குப் போடாதீங்க
✅ ஏற்கெனவே மாசக்கணக்கா போட்டிருந்தா மறைக்காம டாக்டர்கிட்ட சொல்லுங்க, ட்யூபையும் எடுத்துட்டு வாங்க
✅ வீட்ல யாருக்கெல்லாம் இருக்கோ எல்லாரும் ஒண்ணா சிகிச்சை எடுங்க
✅ துண்டு, உள்ளாடை தனித்தனி. வெயில்ல நல்லா காயணும்
✅ அரிப்பு நின்னதும் மருந்தை நிறுத்தாதீங்க. சொன்ன நாள் வரை போடுங்க

11/ அரசு மருத்துவமனை தோல் பிரிவுல பரிசோதனையும் மருந்தும் இலவசம். இடுக்குல வந்ததைக் காட்ட கூச்சப்பட்டுத்தான் அந்தத் தம்பி எட்டு மாசம் கடைக்குப் போனார். எங்களுக்கு அது தினமும் பார்க்கிற தோல் நோய். கூச்சப்படாம வாங்க.