தாளைத் தாண்டிய எண்கள்

ஏதேனும் ஒரு கணக்கு வழக்கத்திற்கு மாறாக ஏறிவிட்டாலோ இறங்கிவிட்டாலோ 'ஆஃப் த சார்ட்ஸ்' என்று ஆங்கிலத்தில் சொல்வார்கள். வரைபடத் தாளையே தாண்டிவிட்டது என்பது பொருள். நம் நாளேடுகள் அதே இடத்தில் 'வரலாறு காணாத' என்று எழுதுகின்றன. வெயிலா, விலைவாசியா, தேர்ச்சி விகிதமா, எல்லாவற்றிற்கும் இதே அடைமொழிதான்!

பத்தாம் வகுப்பு மாணவியராகிய எங்களுக்கு இச்சொற்றொடரின் மீது ஒரு வழக்கு உண்டு. தாளின் எல்லையை வகுத்தவர் யார்? கணித வகுப்பில் அளவுத்திட்டத்தை எழுதுவது நாங்கள்தாமே! ஒரு புள்ளி தாளுக்கு வெளியே போனால், அளவுத்திட்டத்தை மாற்றும்படி சிஸ்டர் சொல்வார்கள். புள்ளியை யாரும் குறை சொல்வதில்லை, வியந்து கைதட்டுவதுமில்லை.

கனடாவின் மான்ட்ரியால் நகரில் 1976இல் நடந்த ஒலிம்பிக் போட்டியில், ருமேனியாவைச் சேர்ந்த நாடியா கோமனேச்சி என்ற 14 வயதுச் சிறுமிக்கு ஜிம்னாஸ்டிக்ஸில் நடுவர்கள் முழுமையாகப் பத்து மதிப்பெண் அளித்தனர். மின்பலகையில் தெரிந்ததோ 1.00! தசமப் புள்ளிக்கு முன்னால் ஓர் இலக்கத்திற்குத்தான் அதில் இடம் இருந்தது. பத்து எவருக்கும் கிடைக்காது என்று பெரியவர்கள் முன்கூட்டியே முடிவு செய்துவிட்டார்கள் போலும். (எங்களைவிட இளைய அச்சிறுமி அதே ஒலிம்பிக்கில் ஏழு முறை பத்து வாங்கினாள்.)

மான்ட்ரியாலில் அது வேடிக்கையாக முடிந்தது. வானத்தில் அப்படி முடியவில்லை.

சூரியனின் புற ஊதாக் கதிர்களைத் தடுத்து நம்மைக் காப்பது ஓசோன் படலம். அண்டார்டிகாவின் மீது அது வசந்த காலந்தோறும் மிகவும் மெலிந்து வருவதை, ஹாலி பே நிலையத்தின் அளவீடுகளைக் கொண்டு ஃபார்மன், கார்டினர், ஷாங்க்ளின் என்ற மூன்று ஆங்கிலேய அறிஞர்கள் 1985இல் வெளியிட்டனர். அமெரிக்காவின் நிம்பஸ் 7 செயற்கைக்கோள் 1978 முதலே வானில் சுற்றிக்கொண்டிருந்தது. அதன் கருவியும் அந்தக் குறைவை அளந்துதான் இருந்தது! ஆனால், ஓசோனை அளக்கும் டாப்சன் அலகில் 180க்குக் கீழே வரும் எண்களை ஐயத்திற்குரியவை என்று குறித்துவிடும்படி கணிப்பொறிக்குக் கட்டளை இட்டிருந்தார்கள். அவ்வளவு குறைவு நேரக்கூடும் என்று எவரும் எண்ணவில்லை. குறியிடப்பட்ட எண்களைப் பின்னர் எடுத்து ஆராய்ந்தபோது, ஓசோன் துளை அவற்றில் தெளிவாகத் தெரிந்தது. ஓசோனை அழிக்கும் வாயுக்களைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கை 1987இல் உருவாயிற்று. அதுவும் அதே மான்ட்ரியாலில்தான்!

தாளைத் தாண்டிய எண்ணைக் கண்டு வியந்து நிற்பவரும், பிழை என்று ஒதுக்குபவரும் எங்கள் கண்ணுக்கு ஒன்றுதான். இருவருமே தாளின் எல்லையைச் சோதிப்பதில்லை.

நாளேட்டு ஆசிரியர்களிடம் எங்களுக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. 'வரலாறு காணாத' என்று எழுதுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. அந்த வரலாறு எந்த ஆண்டிலிருந்து எழுதி வைக்கப்பட்டது என்பதையும் பக்கத்திலேயே போடுங்கள். பத்து ஆண்டுக் கணக்கும் நூறு ஆண்டுக் கணக்கும் ஒன்றாகுமா?