பிறவிக் கண்புரையும் பெற்றவள் மேல் போடும் பழியும்

பிறந்த குழந்தையின் கண்மணியில் வெள்ளையாய் ஏதேனும் தெரிந்தால், நம் நாட்டில் அநேக வீடுகளில் முதலில் தேடப்படுகின்றவர் கண் வைத்தியர் அல்ல, ஜாதகக்காரரே. அவர் நாகதோஷம் என்கின்றார். வீட்டுக் கிழவியோ, கிரகணத்தன்று பிள்ளைத்தாய்ச்சி அரிவாள்மணையில் காய் நறுக்கிவிட்டாள் என்கின்றாள். பக்திப் பிரசங்கியார் இன்னும் ஒரு படி மேலே போய், முற்பிறப்பில் செய்த பாவம் இப்பிறப்பில் கண்ணை மறைத்தது என்று கூறி முடிக்கின்றார். மூவரும் மூன்று விதமாய்ப் பேசினாலும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்படுகின்றவள் ஒருத்திதான். அவள் பத்து மாதம் சுமந்து பெற்றவள். இந்த வழக்கில் இதுவரை சாட்சி விசாரிக்கப்பட்டதே இல்லை. ஆகவே சாட்சியை நாம் சற்று விசாரிப்போம்.

கண்ணின் வில்லை என்பது கண்மணிக்குப் பின்னால் இருக்கும் ஒரு பளிங்கு போன்ற சிறு உறுப்பு. வெளிச்சத்தை உள்ளே குவித்துக் கொடுப்பது அதன் வேலை. இரத்தக்குழாய் இருந்தால் வெளிச்சம் தடைப்படும் என்பதால் அதற்குள் இரத்தக்குழாயே கிடையாது. கர்ப்பத்தில் இருக்கும்போது வில்லையைச் சுற்றி ஒரு இரத்தக்குழாய் வலை இருந்து, அதுவும் பிறப்பதற்குள் மறைந்து போகின்றது. அதுமட்டுமல்ல. வில்லையின் முன்புறத்தில் ஒரே அடுக்காய் உயிரணுக்கள் இருக்கின்றன. அவை ஓரத்துக்கு வந்ததும் நீண்டு நாராகி உள்ளே போய், பழைய நார்களின் மேல் வெங்காயத் தோல் போல் படிந்துகொண்டே போகின்றன. உள்ளே போன நார்கள் தங்கள் உட்கரு முதலியவற்றை இழந்துவிடுகின்றன. அவை புதிதாய் எதையும் செய்துகொள்ள முடியாது. தேய்ந்து உதிர்வதும் இல்லை. தாய் வயிற்றில் உண்டான நார், எழுபது வயதுக் கிழவரின் வில்லை நடுவில் அப்படியே இருக்கின்றது.

இரத்தமும் இல்லை, உட்கருவும் இல்லை என்றால் அந்த நடுநார்கள் எதைக் கொண்டு பிழைக்கின்றன? பக்கத்து அணு கொடுப்பதைக் கொண்டுதான் பிழைக்கின்றன. ஒரு அணுவின் சவ்வில் கனெக்ஸின் என்னும் புரதம் ஆறு துண்டாய் வளையம் கட்டி அரைக்குழாயாய் நிற்கும். எதிர் அணுவிலும் அப்படியே ஆறு நிற்கும். இரண்டும் கவ்விக்கொண்டால் ஒரு முழு வழி உண்டாகும். இவ்வழிகள் கூட்டமாய் அமைந்த இடத்தைத்தான் கேப் ஜங்ஷன் என்கின்றார்கள். உப்புகளும், கெடாமல் காக்கும் குளூட்டத்தயோன் போன்ற சிறு பொருள்களும் இதன் வழியே போகும். பெரிய புரதங்கள் போகா. வெளியடுக்கு அணுக்கள் வேலை செய்து அனுப்ப, உள்ளடுக்கு அணுக்கள் அதைக் கொண்டு கெடாமல் இருக்கின்றன. தொட்டால் தீட்டு என்று இந்த அணுக்களுக்குள்ளும் யாராவது சாஸ்திரம் எழுதி வைத்திருந்தால், எழுதினவருக்கே கண் தெரிந்திராது!

வில்லையில் இப்புரதம் முக்கியமாய் மூன்று வகை. அவற்றுக்கு எடையை வைத்து 43, 46, 50 என்று எண் கொடுத்திருக்கின்றார்கள். 43 முன்னடுக்கிலும், 46 நார்களிலும், 50 இரண்டிடத்திலும் இருக்கின்றன. இவற்றின் வேலை இன்னதென்று ஊகத்தில் சொல்லவில்லை. ஒவ்வொன்றாய் நீக்கிப் பார்த்துத்தான் சொன்னார்கள். 1997-இல் 46-ஐ நீக்கிய சுண்டெலிகளுக்கு வில்லை சரியான அளவில் உண்டாயிற்று. ஆனால் சில வாரங்களில் நடுப்பாகம் மங்கிப் புரையாயிற்று. 1998-இல் 50-ஐ நீக்கிய சுண்டெலிகளுக்கோ புரையும் வந்தது, கண்ணும் வில்லையும் வளராமல் சிறுத்தும் போயின. 2002-இல் இன்னொரு காரியம் செய்தார்கள். 50-இன் மரபணு இருந்த இடத்திலேயே 46-இன் மரபணுவை வைத்தார்கள். புரை நீங்கி வில்லை தெளிவாயிற்று; ஆனால் அளவு மட்டும் வளரவில்லை. அதாவது தெளிவுக்கு 46-உம் உதவும், வளர்ச்சிக்கு 50-தான் வேண்டும் என்பது கண்ணெதிரே நிரூபணமாயிற்று.

நாம் கேட்கின்றோம்: அந்தச் சுண்டெலிகளின் தாய்மார்கள் எந்தக் கிரகணத்தன்று காய் நறுக்கினார்கள்? 2002-இல் புரை நீங்கின சுண்டெலிகளுக்காக எந்தக் கோயிலில் யார் நாகப் பிரதிஷ்டை செய்தார்கள்?

எலி சங்கதி மனிதனுக்கு ஆகுமா என்பீர்கள். ஆகும். பொடி தூவினாற்போல் வில்லையின் நடுவில் தோன்றும் ஒருவகைப் பிறவிக் கண்புரை, குடும்பத்தில் டஃபி என்னும் இரத்த வகையோடு சேர்ந்தே இறங்கி வருவதை 1963-இல் கண்டார்கள். 1968-இல் அந்த இரத்த வகைக்குரிய மரபணு முதலாம் குரோமோசோமில் இருப்பது தெரிந்தது. 1998-இல் அப்புரைக்குக் காரணமே பிடிபட்டது. கனெக்ஸின் 50 என்பது 433 மணிகள் கோத்த மாலை போன்றது. அதில் 88-ஆவது மணி மாறியிருந்தது. புரோலின் இருக்க வேண்டிய இடத்தில் செரின் இருந்தது. அவ்வளவுதான்! மறுவருஷம், 13-ஆம் குரோமோசோமில் இருக்கும் கனெக்ஸின் 46-இன் மரபணுவிலும் அப்படிப்பட்ட மாறுதல்கள் புரைக்குக் காரணமாவது கண்டுபிடிக்கப்பட்டது. பிறவிப் புரை எல்லாமே இதனால்தான் என்று நாம் சொல்ல வரவில்லை. வேறு மரபணுக்களாலும் வரும், நோய்த் தொற்றாலும் வரும். ஆனால் அவற்றில் ஒன்றுகூடக் கிரகணத்தால் வருவதில்லை.

நிற்க, இதில் மாமியார்மார்கள் கவனிக்க வேண்டிய பாகம் ஒன்று உண்டு. மேற்சொன்ன கனெக்ஸின் மாறுதல்கள் பெரும்பாலும் பெற்றோரில் ஒருவரிடம் இருந்தாலே பிள்ளைக்கு வரக்கூடியவை. பிள்ளைக்கு வருவதற்குப் பாதிக்குப் பாதி இடமுண்டு. ஆறு பேர் சேர்ந்து கட்டும் வளையத்தில் ஒருவன் கோணலாய் நின்றாலும் வளையம் கெடும் அல்லவா? அந்த ஒருவர் தாயாகத்தான் இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. தகப்பனாகவும் இருக்கலாம், இருவரிடமும் இல்லாமல் பிள்ளையிடமே புதிதாய்த் தோன்றியதாகவும் இருக்கலாம். தகப்பனுக்கு வில்லையில் சிறு பொடிப் பொடியாய் இருந்து, பார்வை அதிகம் கெடாமல், அவனே அறியாமல் இருப்பதும் உண்டு. மருமகள் கிரகணத்தன்று எங்கே நின்றாள், எதைத் தொட்டாள் என்று அடுப்படி வரைக்கும் துருவுகின்றவர்கள், தங்கள் மகனின் கண்ணை ஒருநாளாவது வைத்தியரிடம் காட்டினதுண்டா?

இன்னொரு வகையில், இருவரிடமிருந்தும் கெட்ட பிரதி வந்தால்தான் புரை உண்டாகும். சொந்தத்திலேயே, அதிலும் அக்காள் மகளையே கட்டும் வழக்கமுள்ள நம்மிடையே இதற்கு இடம் அதிகம். பத்துப் பொருத்தம் பார்த்துத் தட்சணை வாங்கிய ஜோசியர் இந்தப் பதினோராவது பொருத்தத்தை ஏன் பார்க்கவில்லை?

தொற்று விஷயத்திலும் இப்படித்தான். கர்ப்பிணிக்கு ஆரம்ப மாதங்களில் ரூபெல்லா அம்மை கண்டால் பிள்ளைக்குக் கண்புரை வரும் என்று சிட்னி நகரத்துக் கண் வைத்தியர் நார்மன் கிரெக் 1941-இலேயே எடுத்துக்காட்டினார். தடுக்க ஊசி வந்தது. தமிழ்நாட்டில் 2017-இல் தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் சேர்த்துப் பிள்ளைகளுக்கு ஊசி போட வந்தபோது, போடாதே என்று வதந்தி கிளப்பினவர்களும் இருந்தார்கள். அம்மை வந்தால் தெய்வம், அதனால் புரை வந்தால் தாயின் பாவம், தடுக்க வந்த ஊசி மட்டும் சந்தேகம்! இது என்ன நியாயம்?

கண்ணைப் பாருங்கள், இவ்வளவு நுட்பமான கருவியைப் படைத்தவன் ஒருவன் இல்லாமல் முடியுமா என்று கேட்பது ஆஸ்திகர்களின் பழைய வாதம். 1802-லேயே பேலி என்னும் இங்கிலாந்துப் பாதிரியார் இதைப் புத்தகமாகவே எழுதிவிட்டார். சரி, வில்லையைச் செய்தவர் அவரே என்றால், 88-ஆவது மணியை மாற்றிக் கோத்தவர் யார்? தெளிவான கண்ணுக்குப் புகழ் கடவுளுக்கு; மங்கின கண்ணுக்குப் பழி பெற்றவளுக்கு! இம்மாதிரிக் கணக்கு எழுதுகின்ற ஒரு கணக்கப்பிள்ளையை எந்த மளிகைக் கடையிலாவது ஒருநாள் வைத்திருப்பார்களா?

இதற்குப் பதில் சொல்ல முடியாதவர்கள், "மரபணு என்று நீங்கள் சொல்வதும் தலையெழுத்துத்தானே?" என்று கெட்டிக்காரத்தனமாய்க் கேட்பார்கள். தலையெழுத்தை அழிக்க முடியாது என்பது உங்கள் சித்தாந்தம். மங்கிய வில்லையை எடுத்துவிடலாம் என்பது வைத்தியரின் அனுபவம். புரையை ஊசியால் கண்ணுக்குள்ளேயே தள்ளிவிடும் முறை சுசுருத சம்ஹிதையிலேயே இருக்கின்றது என்று பெருமை பேசுகின்றார்களே, அவர்களாவது புரைக்கு வேண்டியது ஜாதகமல்ல, கருவிதான் என்று ஒப்புக்கொள்ள வேண்டாமா?

ஆனால் இந்த ஆபரேஷனுக்கு ஒரு கெடு உண்டு. நாம் இவ்வளவு காரமாய் எழுதுவது இதற்காகவே. பார்ப்பது கண் மட்டுமல்ல, மூளையும்தான். ஆரம்ப மாதங்களில் தெளிவான உருவம் உள்ளே போகாவிட்டால் மூளையின் பார்வைப் பாகம் சரியாய் அமைவதில்லை. பூனைக்குட்டியின் ஒரு கண்ணை இளமையில் மூடிவைத்தால், பின்னால் திறந்தாலும் அக்கண் பயன்படாது என்பதை ஹூபல், வீசல் என்ற இருவர் காட்டி, 1981-இல் நோபல் பரிசும் பெற்றார்கள். ஆகவே ஒரு கண்ணில் அடர்ந்த புரை என்றால் ஆறு முதல் எட்டு வாரத்திற்குள்ளும், இரு கண்ணிலும் என்றால் ஏறக்குறைய பத்து வாரத்திற்குள்ளும் எடுப்பது நல்லது என்கின்றார்கள். பரிகாரக்காரர் விதிப்பதோ ஒரு மண்டலம். மண்டலம் என்பது 48 நாள். 48 நாள் என்பது ஏழு வாரத்திற்கு ஒருநாள் குறைவு. தட்சணை, எண்ணெய், நெய் விளக்கு எல்லாம் போகட்டும். அவர் அந்தக் குழந்தையிடமிருந்து வாங்கிக்கொள்வது அதன் பார்வையையே அல்லவா? விளக்கு ஏற்றி முடித்து, பலன் தெரியவில்லை என்று ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வரும்போது, வில்லையை எடுக்கலாம். மூளைக்குப் போன நாளை யார் திருப்பிக் கொடுப்பது?

இருட்டறையில் குழந்தையின் கண்ணுக்குள் விளக்கொளி காட்டினால் கண்மணி செம்மையாய் ஒளிர வேண்டும். வெண்மையாய்த் தெரிந்தாலும், கறுத்து ஒளிராமல் இருந்தாலும் அன்றைக்கே கண் வைத்தியரிடம் கொண்டு போங்கள். 2013-இல் ஏற்பட்ட ராஷ்டிரீய பால் ஸ்வாஸ்திய காரியக்கிரமம் என்னும் சர்க்கார் திட்டத்தில், பிள்ளைகளிடம் பார்க்க வேண்டிய பிறவிக் குறைகளின் பட்டியலில் பிறவிக் கண்புரையும் இருக்கின்றது. தாயும் தகப்பனும் இருவருமே தங்கள் கண்களையும் காட்டிக்கொள்ளுங்கள். ஆபரேஷனோடு வேலை முடியாது. கண்ணாடியோ ஒட்டுவில்லையோ போட வேண்டும். ஒரு கண் மட்டுமானால் நல்ல கண்ணைத் தினமும் சிறிது நேரம் மூடிப் பழக்க வேண்டும். கண்ணில் அழுத்தம் ஏறுகின்றதா என்று வருஷக்கணக்காய்ப் பார்த்துவர வேண்டும். பரிகாரக்காரருக்கும் வேலை இல்லாமல் போய்விடாது. அவர் நாள் குறிக்க வேண்டுமானால் ஆபரேஷன் முடிந்த பிறகு குறிக்கட்டும். அதற்குப் பின்னும் அவருக்குத் தட்சணை கொடுப்பது கொடுப்பவர்கள் இஷ்டம்.