நின்றுபோன ரோபோவுக்கு வலிக்கவில்லை

சோழவரம் வட்டாரத் தொழிற்சாலை ஒன்றின் வெல்டிங் ரோபோவை முன்வைத்து, மனிதப் பிரக்ஞை விரைவில் இயந்திரத்துக்குள் வந்தே தீரும் என்று நண்பர் ஒருவர் எழுதியிருக்கிறார். அந்தக் கட்டுரை தவறானது மட்டுமல்ல, பொறுப்பற்றதும்கூட.

குறுக்கே ஆள் வந்தால் ரோபோவின் கை நின்றுவிடுகிறதாம். அதுவே வலியின் தொடக்கமாம். பிரஸ் ஷாப்பில் ஒரு ஷிஃப்ட் நின்றவர் இப்படி எழுத மாட்டார். அங்கே மெஷினுக்கு முன்னால் லைட் கர்ட்டன் இருக்கிறது. அதன் அகச்சிவப்புக் கதிரைக் கை மறித்தால் மெஷின் நிற்கும். கர்ட்டனுக்கு வலித்ததா? ரோபோவும் அதே வகைதான். குறித்த அளவை மீறினால் நில் என்பது உத்தரவு. அந்த அளவை டெக்னீஷியன் கூட்டலாம், குறைக்கலாம். மனிதரிடமே விலகுவது வேறு, வலி வேறு. சூடான தகட்டில் கை பட்டதும் தண்டுவடம் கையை இழுத்துவிடுகிறது. நாம் வலியை உணர்வது அதற்குப் பிறகுதான்.

அடுத்து சென்னை ஐஐடியைச் சாட்சிக்கு இழுக்கிறார். அங்குள்ள சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024 டிசம்பரில் 'தரணி' என்ற தொகுப்பை வெளியிட்டது. மனிதக் கருவின் மூளையை 5,132 சீவல்களாகப் படமெடுத்து உருவாக்கிய முப்பரிமாண வரைபடம் அது. பெருமைப்பட வேண்டிய உழைப்பு. ஆனால் அது காட்டுவது உயிரற்ற திசுவின் அமைப்பை. "வரைபடம் வந்துவிட்டது, இனி நகல்தான்" என்று இவர் முடிப்பதற்கு அதில் எந்த ஆதாரமும் இல்லை.

செல்களுக்கிடையிலான இணைப்புகளே முழுதாகத் தெரிந்தாலும் போதாது என்பதற்குச் சான்று இருக்கிறது. சி. எலிகன்ஸ் என்ற புழுவுக்கு 302 நரம்பு செல்கள். சிட்னி பிரென்னரின் குழு அவற்றின் இணைப்புகளை 1986லேயே வரைந்து முடித்தது. இன்றுவரை அந்தப் புழுவின் முழு நடத்தையையும் எந்தக் கணினியாலும் எழுப்பிக் காட்ட முடியவில்லை. எந்த இணைப்பு எவ்வளவு வலுவானது, எது தூண்டுகிறது, எது அடக்குகிறது என்பது படத்தில் முழுதாகத் தெரியாது. இணைப்பே இல்லாத செல்களுக்கிடையிலும் ரசாயனங்கள் பரவிச் செய்தி சொல்கின்றன. மனித மூளையில் நரம்பு செல்கள் சுமார் 8,600 கோடி. பத்தாண்டுகளில் மனித மூளையைக் கணினியில் உருவாக்கலாம் என்று மூளை ஆய்வாளர் ஹென்றி மார்க்ரம் 2009இல் சொன்னார். அவர் முன்னெடுத்த ஐரோப்பாவின் மனித மூளைத் திட்டம் 2013இல் தொடங்கி 2023இல் முடிந்தது. அப்படியொரு மூளை வரவில்லை. இந்த வரலாற்றில் ஒரு வரிகூட நண்பரின் கட்டுரையில் இல்லை. தெரியாது என்றால் அவர் எழுதியிருக்கக் கூடாது. தெரிந்தே விட்டார் என்றால் வாசகரை ஏமாற்றியிருக்கிறார்.

அவருடைய வாதங்களில் சற்றே வலுவானது வி.எஸ். ராமச்சந்திரனின் ஆய்விலிருந்து எடுத்தது. துண்டிக்கப்பட்ட கையில் வலிப்பதாகத் தவித்தவர்களுக்குக் கண்ணாடிப் பெட்டியில் மற்றக் கையின் பிம்பத்தைக் காட்டி, சிலருக்கு வலியைத் தணித்தார் ராமச்சந்திரன். ஆகவே உடல் வேண்டாம், மூளையின் கணக்கீடே போதும் என்கிறார் நண்பர். கை இல்லாமலும் கை வலிக்கும் என்பது உண்மை. ஆனால் அங்கே வலிப்பது ரத்தம் ஓடும் உயிருள்ள மனிதருக்கு. சிலிக்கானைப் பற்றி அந்தச் சோதனை எதுவும் சொல்லவில்லை. சோழவரம் ஏரியை எவ்வளவு துல்லியமாகக் கணினியில் ஓட்டினாலும் சென்னைக்கு ஒரு குடம் தண்ணீர் வராது. பிரக்ஞை தண்ணீரைப் போன்றதா, கணக்கைப் போன்றதா என்பதுதான் இங்கே கேள்வியே. கணக்குதான் என்று முதல் பத்தியில் வைத்துக்கொண்டு, கடைசிப் பத்தியில் அதையே கண்டுபிடித்ததாக அறிவிக்கிறார். இயந்திரத்தில் பிரக்ஞை ஒருநாளும் வராது என்று நான் சொல்லவில்லை. வரும் என்பதற்கு இவர் காட்டிய எதுவும் சான்று அல்ல என்கிறேன்.

எனக்குக் கோபம் வருவது வேறோர் இடத்தில். ரோபோவையும் சக தொழிலாளியாக மதிக்க வேண்டும் என்று உருகும் அந்தக் கட்டுரையில், அதன் பக்கத்தில் நிற்கும் காண்ட்ராக்ட் தொழிலாளி ஒரு வரியில்கூட இல்லை. 1923ஆம் ஆண்டு தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணை கட்டைவிரல் போனால் 30 சதவீதம், ஆள்காட்டி விரல் முழுதாகப் போனால் 14 சதவீதம் என்று சம்பாதிக்கும் திறனின் இழப்பை அளந்தது. விரல் போனவர் பட்ட வேதனைக்கு அதில் தனிக் கணக்கு இருக்கவில்லை. வலி இருப்பது சந்தேகமில்லாமல் தெரிந்த மனிதரை விட்டுவிட்டு, வலிக்குமா என்றே தெரியாத இரும்புக்கு நண்பர் மரியாதை கேட்டிருக்கிறார்.