ஓடையின் நலத்தை எந்தத் துறையில் அளப்பது?

கல்லூரித் திட்டப்பணிக்காக ஓர் ஓடையின் சூழல் நலத்தை மதிப்பிடும் மாணவர்களைச் சந்திக்கும்போது நான் முதலில் கேட்பது ஒன்றுதான். தண்ணீர் மாதிரியை எந்த இடத்தில் எடுத்தீர்கள்?

பாலத்துக்குப் பக்கத்தில் என்பார்கள். அங்கேதான் வண்டி நிறுத்தலாம், இறங்கவும் வழி இருக்கும். ஆனால் நம் கிராமங்களில் ஓடையும் சாதிக்குத் தப்பியதல்ல. ஊர் மேட்டில், சேரி பள்ளத்தில் என்பது எத்தனையோ கிராமங்களின் அமைப்பு. மேல்துறையில் குளித்து, மாடு கழுவி, துணி துவைத்த தண்ணீர்தான் கீழ்துறைக்கு வரும். தீட்டு என்று சொல்லித் துறையைப் பிரித்தார்கள். இன்று ஊர்ச் சாக்கடையும் அதே பள்ளத்தை நோக்கித்தான் ஓடுகிறது. மேலே ஓரிடத்தில் மட்டும் அளந்துவிட்டு 'ஓடை நலம்' என்று எழுதினால், அது ஊரின் நலம். சேரியின் நலம் அறிக்கைக்குள் வரவே இல்லை.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நீர்நிலைகளை ஏ முதல் ஈ வரை ஐந்து வகையாகப் பிரிக்கிறது. குளிக்கத் தகுந்த பி வகை நீரில் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது. பிஓடி எனப்படும் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை 3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. ஊருக்கு மேலே இந்தத் தேர்வில் தேறும் ஓடை, சேரிப் படித்துறையில் தோற்கலாம். இரண்டையும் கூட்டிச் சராசரி போட்டால் இரண்டு உண்மையும் தொலைந்துபோகும்.

ஆகவே குறைந்தது மூன்று இடங்களில் அளவெடுங்கள்: ஊருக்கு மேலே, ஊரைத் தாண்டியதும், சேரிப் படித்துறையில். மூன்றையும் ஒரே நாளில், முடிந்தவரை ஒரே வேளையில் முடியுங்கள். பாசி நிறைந்த தண்ணீரில் ஆக்சிஜன் விடியற்காலையில் இறங்கும், வெயில் ஏறினால் கூடும். மதியம் மட்டும் அளந்தால் சாக்கடைத் தண்ணீர்கூட ஆரோக்கியமாகத் தெரியும்.

ஆய்வகத்துக்குப் பணம் இல்லையா? ஒரு வலை, ஒரு வெள்ளைத் தட்டு, ஒரு பூதக்கண்ணாடி போதும். கல்லுக்கு அடியிலும் சேற்றிலும் இருக்கும் பூச்சிகளின் இளம்பருவங்களைப் பாருங்கள். மேஃப்ளை, கேடிஸ்ஃப்ளை போன்றவை பெரும்பாலும் மாசைத் தாங்காதவை. சிவப்புப் புழுவுக்கு ரத்தத்தில் ஹீமோகுளோபின் உண்டு. ஆக்சிஜன் குறைந்த சேற்றிலும் அது பிழைக்கும். மேலே மேஃப்ளை, கீழே சிவப்புப் புழு மட்டும் என்றால், இடையில் என்ன கலக்கிறது என்று தேட வேண்டும். தண்ணீர் மாதிரி அந்த நேரத்து நிலையைக் காட்டும். பூச்சிகள் அங்கேயே வாரக்கணக்கில், மாதக்கணக்கில் வாழ்பவை. நேற்றுவரை நடந்ததையும் அவை சொல்லும். மலை ஓடையோடு சமவெளி ஓடையை ஒப்பிடாதீர்கள். அதே ஓடையின் மேல்பகுதியோடு ஒப்பிடுங்கள்.

பிறகு சேரிப் பெண்களிடம் கேளுங்கள். எந்த வருஷம் வரை இங்கே குளித்தீர்கள்? மணலுக்குள் புதையும் அயிரை எப்போது காணாமல் போனது, மணல் அள்ளிய பிறகா, சேறு படிந்த பிறகா? எந்த மாதம் உடம்பு அரிக்கிறது? இவற்றையும் தேதி போட்டு எழுதுங்கள். இவையும் தரவுதான்.

இவ்வளவு கறாராக ஏன் செய்ய வேண்டும்? 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 3(1) பிரிவில், பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் வழக்கமாகப் பயன்படுத்தும் நீர்நிலையை, அந்தப் பயன்பாட்டுக்குத் தகுதி குறையும்படி கெடுப்பதைக் குற்றம் என்கிறது. எல்லாச் சாக்கடையும் இதற்குள் வந்துவிடாது. செய்தவர் யார் என்பதையும் வழக்கில் நிரூபிக்க வேண்டும். ஆனால் தகுதி குறைந்தது என்று காட்டுவதற்கு, முன்பு எப்படி இருந்தது, மேலே எப்படி இருக்கிறது என்ற பதிவு வேண்டும். அந்தப் பதிவு நம்மிடம் இல்லாததால்தான் 'அந்தத் தண்ணி எப்பவுமே அப்படித்தான்' என்ற ஒரே வாக்கியத்தில் மனுவைத் திருப்பி அனுப்ப முடிகிறது.

அளவெடுக்காமல் விட்டால் பழி எங்கே வந்து விழும் என்பதும் நமக்குத் தெரியும். சென்னையில் கூவம், அடையாறு கரைகளில் வாழ்ந்த உழைக்கும் மக்களை ஆற்றைச் சீரமைப்பதாகச் சொல்லி பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். நகரத்தின் கழிவுநீர் ஆற்றில் கலப்பது அதனால் நின்றுவிடவில்லை. வேங்கைவயலில் 2022 டிசம்பரில் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. 2025 ஜனவரியில் குற்றப்பத்திரிகையில் இடம்பெற்ற மூவரும் அதே ஊர் தலித்துகள். கிராமத்திலும் 'சேரிக்காரர்கள்தான் ஓடையை நாறடிக்கிறார்கள்' என்ற பேச்சு தயாராகவே இருக்கிறது. மூன்று இடத்து அளவுகள் கையில் இருந்தால், தண்ணீர் சேரியை எட்டும் முன்பே கெட்டுவிட்டதா என்று காட்ட முடியும்.

தோழர்களே, அறிக்கையைத் துறைத்தலைவரிடம் கொடுத்து மதிப்பெண் வாங்குவதோடு நிறுத்தாதீர்கள். ஒரு நகலைத் தமிழில் எழுதி, சேரி மக்களோடு போய்க் கிராம சபையில் வையுங்கள். தீர்மானமாகப் பதியச் சொல்லுங்கள். இன்னொரு நகல் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்குப் போகட்டும்; ஒப்புதல் ரசீது வாங்க மறக்காதீர்கள். அடுத்த கோடையில் அதே மூன்று இடங்களுக்குத் திரும்பிப் போய் மறுபடியும் அளவெடுங்கள்.